பிசோகொட்டுவையும் தேக்கமும்: பழைய வாய்க்காற் கட்டடங்களின் பயன் அறிதல்

ஈழநாட்டு வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் குளங்களைப் பற்றிப் பேசாது ஓராண்டைக் கழித்தல் இயலாது. எக்குளத்தை எம்மன்னன் கட்டினான், அவன் எத்தனை ஆண்டு ஆண்டான் என்பனவெல்லாம் மாணவர்க்கு மனப்பாடம். ஆனால், குளக்கட்டின் நடுவே புதைந்து கிடக்கும் கற்கிடங்கு எதற்கு, ஆற்றின் குறுக்கே கிடக்கும் கல்வரிசை எதற்கு, வாய்க்காலுக்கு ஒரு பக்கம் மட்டும் கரை இருப்பது ஏன் என்று ஒரு மாணவன் வினவினால், ஆசிரியரும் மாணவரோடு சேர்ந்து விழிக்க நேரிடும். இக்கட்டுரை அத்தகைய வினாக்கள் சிலவற்றைப் பற்றியது. இதனை எழுதத் தூண்டியது வகுப்பறையிலே யான் பல ஆண்டுகள் கூறிவந்த ஒரு பிழையாகும். அப்பிழையை அதற்குரிய இடத்திற் கூறுவேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் உயர்தர வகுப்பு மாணவர் சிலரை வன்னிப் பகுதியிலுள்ள பழைய குளமொன்றைக் காண அழைத்துச் சென்றேன். குளக்கட்டின் மேல் நடந்து செல்லுகையில், கட்டின் உட்சரிவிலே நாற்சதுரமான கிடங்கொன்று தென்பட்டது. பற்றைகள் மூடிக் கிடந்தன. நாற்புறமும் செங்கற்சுவர், அதன் உட்புறத்திற் கற்பலகைகள் பதித்த அடையாளம். எம்முடன் வந்த வயோதிபர் ஒருவர், “இது அந்தக் காலத்து இராணி குளித்த இடம், ஐயா, ஆட்கள் பாராதபடிக்குச் சுற்றிவரக் கட்டினவை” என்றார். மாணவர் அதனைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டனர். ஒருவன் மட்டும் எழுதவில்லை. “இராணி இறங்குவதற்குப் படிக்கட்டு எங்கே, சேர்?” என்று கேட்டான்.

அக்கேள்விக்கு ஈடான ஒரு வினாவிலிருந்தே பழைய கட்டடங்களின் பயனறியும் முயற்சி தொடங்கவேண்டும் என்பது என் எண்ணம். அம்முதியவர் கூறியதும் அவர் கட்டிய கதையன்று. சிங்கள மக்கள் இவ்வகைக் கிடங்கினைப் ‘பிசோகொட்டுவ’ என்பர். ‘பிசவ’ அரசியைக் குறிப்பது. ‘கொட்டுவ’ அடைப்பு அல்லது கோட்டை. இரண்டையும் சேர்த்தால் அரசியின் அடைப்பு என்றாகும். பெயர் அவ்வாறிருக்க, நீரும் பக்கத்தில் இருக்க, நீராடிய கதை பிறத்தல் இயல்பே. இறங்குதல் எனும் பொருள்தரும் ‘பசினவா’ என்ற வினையோடு இப்பெயரின் முற்பகுதியைத் தொடர்புபடுத்தி, நீர் இறங்கும் அடைப்பு எனப் பொருள் கொள்வாரும் உளர். பின்னைய பொருளே ஏற்புடையதாகத் தோன்றினும், சொல்லை மட்டும் வைத்து முடிவுகட்டுதல் ஆகாது. சொல் மருவும், கல் மருவாது.

இக்கிடங்கின் பயனை முதன்முதல் தெளிவாக எடுத்துரைத்தவர் ஹென்றி பாக்கர். அவர் 1873 ஆம் ஆண்டு முதல் 1904 ஆம் ஆண்டுவரை இந்நாட்டு நீர்ப்பாசனப் பகுதியில் எந்திரியாகக் கடமையாற்றியவர். பழைய குளங்களைத் திருத்தும் பணியிலேயே அவர் காலம் பெரும்பாலும் கழிந்தது. 1909 ஆம் ஆண்டில் இலண்டனில் வெளிவந்த ‘பண்டைய இலங்கை’ என்னும் அவரது நூலிலே நம் வட பகுதியைச் சேர்ந்த வவுனிக்குளமும் பாவற்குளமும் விரிவாகப் பேசப்படுகின்றன. வரலாற்றாசிரியராயின் ஏட்டிலே தேடியிருப்பார். பாக்கர் அளவுகோலோடு துருசுக்குள் இறங்கினார். செங்கல்லின் நீளம், அகலம், கனம் ஆகியவற்றை இடந்தோறும் அளந்து, அவற்றைக்கொண்டு கட்டடங்களின் காலத்தை மதிப்பிட முயன்றவரும் அவரே.

பாக்கர் கண்டதை விளங்கிக்கொள்ளச் சிறிது கணக்கறிவு வேண்டும். ஒரு கன அடி நீரின் நிறை ஏறக்குறைய 62½ இறாத்தல். முப்பது அடி ஆழமுள்ள குளத்தின் அடியிலே ஒரு சதுர அடிப் பரப்பின்மீது 1,875 இறாத்தல், அதாவது ஏறக்குறைய 17 அந்தர் பாரம் அழுத்தும். இரண்டடி நீளமும் இரண்டடி அகலமும் உள்ள சிறு வாயைப் பலகையால் அடைத்தால், அப்பலகையை மூன்று தொன்னுக்கு மேற்பட்ட பாரம் நெருக்கும். வாயைத் திறந்துவிட்டாலோ நீர் செக்கனுக்கு 44 அடி வேகத்திற் பீறிட்டுப் பாயும். வயல் வரம்பில் மண்வெட்டியால் மடை திறப்பது போன்ற செயலன்று இது.

இனி, இந்த வாய்க்குக் கதவை எங்கே அமைப்பது? கட்டின் வெளிப்பக்கத்தில், வாய்க்கால் தொடங்கும் இடத்தில் அமைக்கலாம். அவ்வாறு செய்தால் கட்டின் அடியிற் செல்லும் நிலக்கீழ் வழி முழுவதும் எந்நேரமும் நீர் நிறைந்து, முழு அழுத்தத்தோடு நிற்கும். செங்கல் இணைப்புகளிற் கசியும் நீர் மண்ணை அரிக்கும். ஒரு மாரியில் இல்லாவிடினும் பத்தாவது மாரியிற் கட்டு உடையும். அப்படியாயின் குளத்தின் உட்பக்கத்தில், நிலக்கீழ் வழியின் தலைவாயிலிலே அமைக்கலாமா? அங்கே முப்பதடி நீருக்கடியில் மூழ்கிச் சென்று அதனைத் திறப்பவர் யார்? இரண்டிற்கும் இடையே, கட்டின் உட்சரிவிலே, கிணறுபோல மேல்வரை திறந்த ஒரு கிடங்கை எழுப்பினால் இரு தொல்லையும் தீரும். குளத்து நீர் கீழ்வாயிலால் அக்கிடங்குக்குள் நுழையும். நுழையும் வாயை அங்கே வைத்தே அடைக்கலாம், திறக்கலாம், அளவாக விடலாம். அதனை இயக்குபவன் கட்டின்மேல் நனையாமல் நிற்பான். கிடங்குக்குள் விழுந்து மோதி வேகம் தணிந்த நீர், மறுபக்க வழியால் வாய்க்காலுக்குச் செல்லும்.

ஐரோப்பாவிலே பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடக்கம் பெரிய நீர்த்தேக்கங்களில் இத்தகைய கதவுக் கிணறுகள் கட்டப்பட்டன. பாக்கர் அவற்றை அறிந்தவர். ஆதலால், காடு மூடிய குளக்கட்டில் அதே உறுப்பைக் கண்டபோது அதன் தொழில் அவருக்கு விளங்கிற்று. அதனை முதலிற் கண்டுபிடித்தோர் இந்நாட்டுப் பழைய எந்திரிகளே என்றும், அது கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளைச் சேர்ந்தது என்றும் அவர் எழுதினார். 1971 ஆம் ஆண்டில் வெளிவந்த சீன அறிவியல் வரலாற்று நூற்பகுதியில், ஜோசேப் நீடாம் என்னும் பேரறிஞரும் இதனை வியந்து குறிப்பிட்டுள்ளார். காலத்தை அவர் சற்று எச்சரிக்கையோடு கூறுகிறார்: கி. மு. இரண்டாம் நூற்றாண்டாக இருக்கலாம், கி. பி. இரண்டாம் நூற்றாண்டு என்பது உறுதி என்பது அவர் கருத்து.

இங்கே ஒரு செய்தியை மாணவர் கவனித்தல் வேண்டும். பாக்கர் 1820 ஆம் ஆண்டில் இந்நாட்டுக்கு வந்திருந்தாராயின் இதனை அடையாளம் கண்டிருப்பாரா? ஐயமே. அக்காலத்து ஐரோப்பிய எந்திரி ஒருவருக்கு இது ஒரு சதுரக் கிணறாகவோ, இடிந்த மண்டபத்தின் அடித்தளமாகவோ தோன்றியிருக்கும். தாம் அறிந்த ஒன்றையே மனிதர் பழம்பொருளிற் காண்கின்றனர். கட்டடத்தின் பயனை அறிய ஏட்டறிவு மட்டும் போதாது, அத்தொழிலை அறிந்தவனின் கண்ணும் வேண்டும் என்பதற்கு இது சான்று. அதே வேளையில் அக்கண் தனக்குப் பழக்கமான பொருளையே எங்கும் காண முற்படும் என்பதற்கும் இதுவே சான்றாகலாம். பிற்காலத்து எந்திரிகள் சிலர் பாக்கரோடு முற்றும் உடன்படவில்லை. நீரின் வேகத்தைத் தணிப்பதே கிடங்கின் முதற்பயன் என்றும், பாக்கர் கருதியவாறு கதவுகளை இயக்குதல் அதன் தலையாய தொழில் அன்று என்றும் அவர்கள் வாதிப்பர். என் நோக்கில் இவ்விரண்டும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. ஒரே அடுப்பிற் சோறும் ஆக்கலாம், குளிரும் காயலாம். எதற்காக முதலில் மூட்டினார்கள் என்பதே வாதம்.

தமிழகத்து ஏரிகளிலும் இத்தகைய தேவைக்கு வேறொரு தீர்வு கண்டனர் என்பதை ஒப்புநோக்குதல் பயன்தரும். அங்கே ஏரியின் உட்பகுதியிலே, கரைக்குச் சற்று அப்பால், இரு கற்றூண்கள் நீருக்கு மேலே தலைகாட்டி நிற்கும். அவற்றை இணைத்துக் குறுக்கே கற்பலகைகள் செருகப்பட்டிருக்கும். அறியாதார் அதனைக் கோயில் வாயிலின் எச்சம் என்றோ, ஊஞ்சற் கால் என்றோ எண்ணுதல் கூடும். உண்மையில் அது குமிழித் தூம்பு. தூண்களின் அடியிலே துளையிட்ட கல்லும் அத்துளையை அடைக்கும் குமிழும் உள்ளன. குமிழோடு இணைந்த தண்டு குறுக்குப் பலகைகளின் துளைகளினூடே மேலெழும். அதனைத் தூக்கினால் நீர் கீழே இறங்கி, நிலத்தடி வழியாகக் கரையைக் கடந்து வாய்க்காலை அடையும். தமிழகத்துக் கல்வெட்டுகளிலே தூம்பு, குமிழி ஆகிய சொற்கள் பயின்று வருகின்றன. ஊர் நன்மைக்காகத் தூம்பு அமைத்தோர் தம் பெயரை அத்தூண்களிலேயே பொறித்தனர். அங்கே கல்லே தன் பெயரைச் சொல்லிவிடுகின்றது. குமிழித் தூம்பைத் திறப்பவன் நீந்திச் செல்லவேண்டும்; பிசோகொட்டுவையை இயக்குபவன் கட்டின்மேல் நின்றான். ஒரே நோக்கத்துக்கு இரு நாட்டவர் இரு வழி கண்டனர். ஒன்றிலிருந்து மற்றது வந்தது என நிறுவ முயல்வது வீண்வேலை.

இனி என் பிழைக்கு வருகிறேன்.

மன்னார்ப் பகுதியிலுள்ள கட்டுக்கரைக்குளத்தை அறியாதார் இலர். ஆங்கிலேயர் அதனை இராட்சதக் குளம் என்றனர். அதற்கு நீர் தருவது அருவியாறு. சிங்களத்தில் அதனை மல்வத்து ஓயா என்பர். ஆற்றின் குறுக்கே பழங்காலத்தில் எழுப்பிய கல்லணை ஒன்று தேக்கம் எனும் இடத்தில் உள்ளது. அங்கிருந்து கால்வாய் ஒன்று குளத்துக்குச் செல்கின்றது. ஒல்லாந்தர் காலத்திலேயே இக்குளத்தைத் திருத்தும் எண்ணம் இருந்தது, கைகூடவில்லை. பிரித்தானிய ஆட்சியிலே குடியேற்றச் செயலாளராயிருந்த சேர் ஜேம்ஸ் எமேசன் ரெனன்ற், 1859 ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது பெருநூலில் இக்குளத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். கட்டின் பருமனையும் நீளத்தையும் வியந்து பேசிய அவர், ஈற்றில் ஒரு தீர்ப்பும் கூறினார்: மட்டம் பார்த்ததில் நேர்ந்த பிழையினாலே கால்வாய் நீர் குளத்தை அடையாமல் ஆற்றுக்கே திரும்பியது, ஆகவே இத்துணைப் பெரிய வேலையும் பயனற்றுப் போயிற்று என்பது அதன் சாரம்.

புறநிலைப் பட்டத்தேர்வுக்காகப் பகலிற் கற்பித்து இரவிற் கற்ற காலத்தில் இப்பகுதியைப் படித்தேன். அழகான ஆங்கிலம், ஐயமற்ற கூற்று. கேட்கவும் வேண்டுமா? பின்னர் பல ஆண்டுகள் வகுப்பிலே, “பண்டையோர் பெருமை பேசும்போது அவர்களின் தவறுகளையும் மறவாதீர்கள், கட்டுக்கரைக்குளத்தைப் பாருங்கள்” என்று நடுநிலை வாய்ந்தவன்போலக் கூறிவந்தேன். ஒரு முறை மன்னாரைச் சேர்ந்த மாணவன் ஒருவன் எழுந்து, “எங்கள் வயலுக்கு அந்தக் குளத்து நீர்தான் வருகுது, சேர்” என்றான். வகுப்புச் சிரித்தது. யானும் சிரித்தேன், ஆனால் அன்றிரவு நூலை மீண்டும் எடுத்தேன்.

உண்மை யாதெனில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலே இக்குளம் திருத்தப்பட்டது. தேக்கத்தினின்று வரும் கால்வாயாலேயே அது நீர் பெறுகின்றது. தட்டையான நிலத்தினூடே ஆற்றைப் பிரித்துக் குளத்துக்குக் கொண்டுசெல்லலாம் என்ற அடிப்படை எண்ணத்தில் பிழை இருந்திருந்தால், எத்தனை திருத்தம் செய்தும் நீர் ஏறியிராது. ரெனன்ற் பொய் கூறினார் என யான் சொல்லவில்லை. கரை உடைந்த கால்வாயிலே நீரை விட்டால் அது உடைந்த வழியாற் பள்ளம் நோக்கி ஆற்றுக்கே திரும்பும். குளத்தின் அடியிலோ அவர் காலத்தில் ஊர்கள் இருந்தன. அக்காட்சியைக் கண்டோர் உடைவின் விளைவைக் கட்டியவனின் பிழையாகக் கொண்டிருத்தல் கூடும் என்பது என் கருத்து. பாழடைந்த வீட்டின் கூரையில்லாச் சுவரைப் பார்த்து, இதனைக் கட்டியவனுக்குக் கூரைபோடத் தெரியாது என்பது போன்றது அது.

இத்தகைய தீர்ப்பு நூலோடு நின்றுவிடுவதில்லை. பழையோரின் குளம் பயனற்றது என்று எழுதப்பட்டபின் அதனைத் திருத்தப் பொதுப்பணம் கேட்பது கடினம். மாந்தை வயல்கள் எத்தனை போகம் இழந்தன என்று கணக்கிட எவராலும் இயலாது.

‘தேக்கம்’ எனும் பெயரையும் இங்கே சிந்திக்கலாம். நீரைத் தேக்கும் இடம் தேக்கம்; பெயரே தொழிலைக் கூறிவிட்டது. ‘பிசோகொட்டுவ’ எனும் பெயர் கேட்போரை அரசியின் குளியலறைக்கு இழுத்துச் சென்றது. ‘தேக்கம்’ எனும் பெயரோ ஐயத்துக்கு இடமின்றி ஆற்றங்கரையில் நிறுத்துகிறது. ரெனன்றுக்குத் தமிழ் தெரிந்த உதவியாளர் ஒருவர் அதனை எடுத்துச் சொல்லியிருந்தால் அவர் தீர்ப்பு மாறியிருக்குமோ என்னவோ. அணை என்பதும் கட்டு என்பதும் சேர்ந்த அணைக்கட்டு எனும் நம் சொல் ஆங்கில அகராதியிலும் ஏறிவிட்டது. மேலதிக நீர் வழியும் இடத்தை நாமும் சிங்கள மக்களும் ‘வான்’ என்றே கூறுகிறோம். நீர் சார்ந்த சொற்கள் மொழியெல்லையை இலகுவிற் கடக்கின்றன. ஆதலாற் பெயரை வைத்து இக்குளம் இன்னார்க்குரியது என வாதிடுவோர் சற்று நிதானித்தல் நன்று.

ஆற்றின் குறுக்கே கிடக்கும் கல்வரிசையெல்லாம் அணையும் அல்ல. அனுராதபுரத்துச் சுற்றுப்புறங்களில் நீரோடைகளின் குறுக்கே பழைய கற்பாலங்களும் உள்ளன. இரண்டும் இடிந்து கிடக்கையில் வேற்றுமை காணல் எளிதன்று. பாலத்தின் தூண்கள் இடைவெளி விட்டு நிற்கும். நீர் தடையின்றிச் செல்லவேண்டுமன்றோ? அவற்றின் தலைகள் ஒரே மட்டத்தில் இருக்கும். மேலே உத்திரக் கற்கள் கிடந்த அடையாளம் காணப்படும். இரு கரையிலும் பாதை தொடர்ந்ததற்கான சுவடு உண்டா எனவும் பார்த்தல் வேண்டும். அணைக்கோ பாதை தேவையில்லை. அதன் ஒரு முனையிலே கால்வாயின் தலை இருக்கவேண்டும். அது நெருங்கிய கட்டாக இருக்கும். பல இடங்களில் ஆற்றுக்கு நேர்க்குறுக்காக அமையாமற் சாய்வாக அமைந்திருக்கும். இந்நாட்டார் சாய்வணையின் நுட்பத்தை கி. பி. முதலாம் நூற்றாண்டிலேயே அறிந்திருந்தனர் என்பதையும் நீடாம் குறிப்பிடத் தவறவில்லை. சுருங்கக் கூறின், கல்லை மட்டும் பார்த்தவன் தடுமாறுவான். நீர் எங்கிருந்து வந்து எங்கே போயிற்று என்று நடந்து பார்த்தவன் பெரும்பாலும் தடுமாறான்.

இல்லாத ஒன்றும் சில வேளையிற் கட்டடத்தின் உறுப்பாகலாம் என்பதற்கு யோத எல எனப்படும் கால்வாயே சான்று. காலவாவியிலிருந்து அனுராதபுரத்துத் திசாவாவிவரை ஏறக்குறைய 54 மைல் நீண்டு செல்லும் இதற்கு ஜயகங்கை என்ற பெயரும் உண்டு. ஐந்தாம் நூற்றாண்டில் ஆண்ட தாதுசேனன் காலத்து வேலை என்பது மரபு. முதல் 17 மைலிலும் மைலுக்கு ஆறு அங்குலமே சரிவு என்பது எந்திரிகள் எல்லோரும் வியந்து கூறும் செய்தி. அரை முழத்துக்கும் குறைந்த இறக்கத்தை ஒரு மைல் நீளத்திற் பகிர்ந்து வைத்தவர்கள் மட்டமறியாதவர் என்று எவரும் சொல்லத் துணியார்.

இக்கால்வாய்க்குப் பெரும்பகுதியில் ஒரு பக்கத்துக்கு மட்டுமே கரை உண்டு. மறுபக்கம் இயற்கையான மேட்டு நிலம். இரு கரையும் நேராக எழுப்பிய புதிய வாய்க்கால்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது பாதி வேலையாகத் தோன்றும். பணம் போதாமல் விட்டார்களோ என்றும் நினைக்கத் தூண்டும். ஆனால், மேட்டிலிருந்து மழைநீர் வழிந்தோடி வரும் வழியை எண்ணிப் பாருங்கள். அப்பக்கத்திற் கரை எழுப்பினால் அந்நீர் தடைப்பட்டுக் கரையை உடைக்கும். உடையாதிருக்க ஆங்காங்கே கீழ்வழிகள் அமைத்தல் வேண்டும். கரை இல்லாவிடின் அந்நீரும் கால்வாயோடு சேர்ந்துவிடும். பள்ளமான இடங்களில் நீர் பரந்து சிறு குளம்போல நிற்கும். அங்கே வண்டல் படியும், மாடு நீர் குடிக்கும், ஊரவர் குளிப்பர். வழிநெடுகச் சிற்றூர்க் குளங்களுக்கும் அதே கால்வாய் நீரூட்டிச் சென்றது. அது நீரை ஓரிடத்தினின்று மற்றோரிடத்துக்குக் கொண்டுசெல்லும் குழாய் அன்று. தானே ஒரு நீண்ட குளம் எனலாம். 1880 களிலே காலவாவி திருத்தப்பட்டபின் இக்கால்வாயும் மீண்டும் ஓடியது. ஆயினும், கரையின்மை ஒரு குறைபாடு அன்று, ஓர் அமைப்பு முறை என்ற எண்ணம் கற்றோரிடையே வலுப்பெற நெடுங்காலம் சென்றது. இங்கும் கட்டுக்கரையின் கதையே: இன்றைய வழக்கத்துக்கு ஒவ்வாததைப் பழையோரின் பிழையாகக் கொள்ளும் அவசரம்.

1980 களின் தொடக்கத்தில் இந்த அவசரத்துக்குத் தக்க மறுமொழியொன்று கிடைத்தது. மகாவலித் திட்டத்தின்கீழ் மாதுறு ஓயாவின் குறுக்கே அணை கட்டுவதற்கு நவீன கருவிகளின் துணையோடு இடம் தெரிவு செய்யப்பட்டது. காடு வெட்டி மண் அகற்றும்போது அவ்விடத்திலேயே பழங்காலத்து மண்ணணையின் எச்சமும், அதனுள் செங்கல்லாலும் கருங்கல்லாலும் அமைந்த பெருந்துருசும் வெளிப்பட்டன. பழைய எந்திரியும் புதிய எந்திரியும் ஏறக்குறைய ஒரே இடத்தைத் தெரிந்தெடுத்திருந்தனர். அத்துருசு அழிக்கப்படாமற் புதிய அணைக்கு அருகிலே காப்பாற்றப்பட்டுள்ளது. அதைப் பார்க்கச் செல்லும் மாணவர், கிடங்கு எங்கே, நீர் நுழையும் வாய் எங்கே, வெளியேறும் வழி எங்கே என ஒவ்வொன்றாகக் காணலாம். அங்கே இராணியின் கதையை எவரும் சொல்வதாகத் தெரியவில்லை. முழுமையாகக் கண்முன் நிற்கும் பொருளுக்குக் கதை தேவைப்படுவதில்லை.

ஆனால் எல்லாத் துருசுகளுக்கும் அந்தப் பாக்கியம் கிட்டவில்லை. நாடெங்கும் குளங்களைத் திருத்தும்போது பழைய துருசைத் தோண்டியெடுத்துவிட்டுச் சீமெந்துத் துருசு வைப்பதே இலகுவான வழியாயிற்று. உழவனுக்கு வேண்டியது நீர். அதில் எவருக்கும் வழக்கில்லை. எனினும் பிடுங்குமுன் ஒரு படம் வரைந்து, கல்லின் அளவையும் அது கிடந்த ஆழத்தையும் குறித்துவைக்க ஒரு பிற்பகல் போதும். அந்தப் பிற்பகல் செலவிடப்படாத இடங்களிலே இனி எந்தப் பாக்கர் வந்தும் பயனில்லை.

தொடக்கத்திற் கூறிய குளத்துக்கு அடுத்த ஆண்டு விடுமுறையில் மறுபடியும் சென்றேன். படிக்கட்டைக் கேட்ட மாணவனும் வேறு இருவரும் வந்தனர். இம்முறை நாடாவும் மட்டக்கோலும் கொண்டுபோனோம். பற்றையை வெட்டிக் கிடங்கின் நான்கு பக்கமும் அளந்தோம். குளத்தை நோக்கிய சுவரின் அடியில் ஒரு வாயும், வாய்க்காலை நோக்கிய சுவரில் மற்றொரு வாயும் இருப்பதைக் கண்டோம். அம்முதியவரும் வந்து பார்த்திருந்தார். நீர் போகும் வழியை மாணவர் அவருக்கு விளக்கியபோது, “அப்படியெண்டால் இராணி எங்கே குளிச்சவ?” என்று மட்டும் கேட்டார். ஒருவரும் மறுமொழி சொல்லவில்லை.

திரும்பும் வழியிலே, வாய்க்கால் ஓரத்தில் ஒரு பெண் துணி துவைத்துக்கொண்டிருந்தார். அவர் துணியை அடித்த கல் நன்கு செதுக்கிய நீண்ட பலகைக் கல். ஒரு முனையிற் சதுரமான குழி இருந்தது. முன்னொரு காலம் குளக்கட்டைத் திருத்தியபோது மேலிருந்து உருட்டிவிட்ட கற்களில் ஒன்று என்றார். மாணவர் துவைத்து முடியும்வரை காத்திருந்து, குழியின் நீள அகலத்தையும் ஆழத்தையும் அளந்து எழுதினர். “இந்தக் கல்லையும் கொண்டுபோகப் போறியளோ?” என்று அப்பெண் கவலையோடு கேட்டார். “இல்லை அக்கா, அது இங்கேயே கிடக்கட்டும், அளவு மட்டும் போதும்” என்றான் படிக்கட்டைக் கேட்ட பையன்.